பிறப்போடு வந்த வடிவம்: பல்பகுதியப் பளிங்குகளின் வரலாறு

குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவசித்தாந்த வகுப்பிலே மாணவர் முதலிற் கற்பர். இவ்வுவமையிலே ஒரு முறைவைப்புச் சொல்லாமலே அடங்கியிருக்கின்றது. மண் முன்னரே உள்ளது. அதனைக் குயவன் பின்னர் வனைகின்றான். கொல்லன் இரும்பைக் காய்ச்சி அடிப்பதும், தட்டான் பொன்னை உருக்கி வார்ப்பதும், நெசவாளன் நூலை நெய்வதும் இம்முறைவைப்பினையே தழுவுவன. பொருள் முந்தியது, வடிவம் பிந்தியது என்பது மனிதனின் கைத்தொழிற் பட்டறிவு முழுவதிலும் ஊறிய எண்ணமாகும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இரசாயனவியல் இம்முறைவைப்புக்கு அடங்காத பொருள்கள் சிலவற்றை ஈன்றது. அவை தீயில் உருகா, எக்கரைப்பானிலும் கரையா, அடித்தால் வளையா. அத்தகைய பொருளுக்கு வடிவம் தருதல் வேண்டுமாயின், அது பொருளாகப் பிறக்கும் வேளையிலேயே தருதல் வேண்டும். மண்ணும் குடமும் ஒருங்கே தோன்றவேண்டும் என்று சொல்லுவதை இஃது ஒக்கும். இவ்வேலையை இரசாயனர் எவ்வாறு கற்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படும் வரலாறு.

தேயிலை நாட்டிலே வாழும் நமக்கு இதனை விளக்குதற்குச் சேய்மை செல்லவேண்டுவதில்லை. இராகலையைச் சூழ்ந்த தோட்டங்களின் தொழிற்சாலைகளிலே வாட்டிய கொழுந்து உருட்டும் பொறியில் இட்டுத் திருகப்படுகின்றது. அத்திருகலின்போதே இலையின் கலங்கள் சிதைந்து, சாறு வெளிப்பட்டு, காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, நிறமும் மணமும் மாறத் தொடங்குகின்றன. உருவ மாற்றமும் இரசாயன மாற்றமும் ஒருங்கே நிகழும் வேளை அது. சூட்டிலே உலர்ந்தபின் அவ்விலையை மறுபடியும் திருக முயன்றால் தூளே எஞ்சும். ரோதைமுனிக்குப் பூசையிடும் தொழிலாளர் இதனை நூல் கல்லாமலே அறிவர். ஆயினும் உவமை ஓரளவுக்கே செல்லும். இலையைத் திருகுவது புறத்தேயுள்ள பொறி. நாம் பேசப்புகும் பொருள்களிலோ மூலக்கூறுகள் தாமே அடுக்குற்று உருவத்தை எடுத்துக்கொள்ளுகின்றன. வெப்பநிலை, செறிவு, கரைப்பான் ஆகியவற்றைத் தேர்ந்து அமைத்துக் காத்திருப்பதே இரசாயனர் செய்யக்கூடியது.

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாதலைப் பல்பகுதியமாக்கல் என்றும், அச்சங்கிலிப் பொருளைப் பல்பகுதியம் என்றும் வழங்குவர். பஞ்சு, பட்டு, இறப்பர், நைலோன், பொலித்தீன் யாவும் பல்பகுதியங்களே. பளிங்கு என்பது உப்பிலும் சீனியிலும் நாம் காண்பதுபோன்ற ஒழுங்கான அடுக்கு. சங்கிலிப் பொருளும் பளிங்காகுமோ என்ற வினா ஒரு காலத்திலே பெரும் போரினை மூட்டியது.

சூரிச்சிலே பேராசிரியராயிருந்த எர்மன் ஸ்டவுடிங்கர், இறப்பர் போன்ற பொருள்கள் உண்மையிலேயே மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை என்று 1920இல் எழுதினார். அக்கால அறிஞருட் பலர் அதனை ஏற்றிலர். சிறு மூலக்கூறுகள் ஏதோவொரு கவர்ச்சியால் திரண்டு நிற்பதே அப்பொருள்களின் இயல்பு என்பது அவர்கள் கொள்கை. அவர்களுக்குப் படைக்கலமாக வாய்த்தது பளிங்கியலே என்பது வியப்பானது. செலுலோசு நாரின் எக்ஸ் கதிர்ப் படத்தை 1921இல் ஆராய்ந்த மைக்கேல் பொலானி, பளிங்கின் அலகுக்கூடு மிகச் சிறியது என்று கண்டார். நீண்ட சங்கிலி அல்லது சிறு வளையம் ஆகிய இரண்டும் அப்படத்துக்குப் பொருந்துமென்றே அவர் கூறினார். கேட்டவரோ இரண்டாவதை மட்டும் பற்றிக்கொண்டனர். கூட்டினும் பெரிய பறவை கூட்டினுள் இருத்தல் யாங்ஙனம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரே சங்கிலி ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என ஊடுருவிச் செல்லலாம் என்பது அவர்கள் உள்ளத்திற் படவில்லை. 1926இல் கலிபோர்னியாவிலே ஸ்பொன்சிலர், டோர் என்னும் இருவர் செலுலோசுக்கு அவ்விளக்கத்தைக் கொடுத்தனர். அவ்வாண்டு பிறைபேர்க்குக்கு மாறிச்சென்ற ஸ்டவுடிங்கர், அடுத்த ஆண்டிலே பொலியொட்சிமெதிலீன் என்னும் எளிய பல்பகுதியத்தின் பளிங்குகளைத் தம் பக்கத்துச் சான்றாக நிறுத்தினார். நோபெல் பரிசு அவருக்கு வந்தது 1953இல். அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

இறப்பர் நம் நாட்டுக்கு உரிய பொருளாதலின் அதனையும் ஒரு சொற் கூறுதல் தகும். 1876இல் பிரேசிலிலிருந்து கியூப் பூங்காவழியே வந்த நாற்றுக்கள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அம்மரத்துப் பாலிலுள்ள சங்கிலி, தளர்ந்த நிலையிலே ஒழுங்கின்றிச் சுருண்டு கிடப்பது. ஆனால் இறப்பரை இழுத்துப் பிடித்தவாறு எக்ஸ் கதிரைச் செலுத்தினால் பளிங்குக்குரிய புள்ளிகள் தோன்றுகின்றன என்று 1925இல் ஒல்லாந்தரான கட்சு கண்டார். விட்டுவிட்டாற் புள்ளிகள் மறைகின்றன. இறப்பருக்கும் கட்டாபெர்ச்சாவுக்கும் அணுக்களின் தொகை ஒன்றே. சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புக்களின் இருபுறத்து அமைப்பு மட்டும் வேறு. அவ்வேறுபாட்டால் ஒன்று பந்தாகத் துள்ளுகின்றது. மற்றது அறைவெப்பத்திலேயே பளிங்குற்று இறுகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிய இறப்பர் மீண்டும் உருகாதாகலின், வண்டிச் சக்கரத்து இறப்பர் வளையத்துக்கு அச்சினுள்ளே, அவ்விரசாயன மாற்றம் நிகழும்போதே, உருவம் தரப்படுகின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அஃது அச்சு தந்த புறவடிவம். உள்ளிருந்து தோன்றும் பளிங்கு வடிவமே நமது பொருள்.

அவ்வடிவத்தை இயற்கை எத்துணைக் காலமாகக் கையாண்டு வருகின்றது என்பதை அறிய நாம் சென்னைக்குச் செல்லுதல் வேண்டும். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியரான கோ. நா. இராமச்சந்திரன் முப்பது வயதும் நிரம்பாத இளைஞர், சி. வி. இராமனின் மாணாக்கர். அவ்வாண்டு அங்கு வந்த பிரித்தானியப் பளிங்கியலாளர் பேணல், தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் அடிப்படையான கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளியப்படவில்லை என்று சொல்லிச் சென்றார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதனை மேற்கொண்டனர். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற நார் அவர்களுக்குப் பயன்பட்டது. 1954 ஆகஸ்டிலே ‘நேச்சர்’ இதழில் வெளியான அவர்கள் கட்டுரை, கொலாசன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த சுருள் என்று காட்டியது. மறு ஆண்டிலே அம்மூன்றும் கயிற்றுப் புரிகளைப்போல ஒன்றையொன்று சுற்றிச் செல்வதாக அதனைத் திருத்தினர். அமினோவமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசின் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் நிற்பதன் காரணம் அதனால் விளங்கிற்று. புரிகள் நெருங்கும் உள்ளிடத்திலே வேறெதற்கும் இடமில்லை. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று கிரிக்கும் றிச்சும் மறுப்புரைத்தனர். எவ்வளவு நெருங்கலாம் என்பதை முறையாக ஆராயப்புகுந்ததன் பயனாகவே 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம் பிறந்தது. அது புரதவியலார் அனைவரும் அவர் பெயராலேயே வழங்கும் வரைபடமாகும். மறுப்பு ஒன்று அறிவினை வளர்த்த செய்தி இது. மறுத்தவர் கூற்றிலும் உண்மை இருந்தது என்பதை மறைக்கவேண்டுவதில்லை.

நமது பொருளுக்கு வேண்டுவது அதன்பின் பிறர் கண்ட செய்தி. உயிர்க்கலம் கொலாசனை நேரே நாராக ஆக்குவதில்லை. அப்படி ஆக்கினாற் கலத்தினுள்ளேயே நார் அடைத்துக்கொள்ளும். மாறாக, சுருளின் இரு முனைகளிலும் மிகையான துண்டுகளைச் சேர்த்துக் கரையக்கூடிய முன்வடிவமொன்றை அது உண்டாக்குகின்றது. கலத்தைவிட்டு நீங்கும் வேளையிலே நொதியங்கள் அம்முனைத் துண்டுகளை வெட்டுகின்றன. வெட்டுண்டதும் கரைதிறன் சடுதியாக வீழ்கின்றது; சுருள்கள் ஒன்றுக்கொன்று 67 நனோமீற்றர் விலகி, படிவரிசையாய் ஒழுங்குற அடுக்கி நாராகின்றன. வெட்டு எப்போது, எவ்விடத்தில், எவ்வளவு விரைவாக நிகழ்கின்றது என்பதே நாரின் வடிவத்தைத் தீர்மானிக்கும். ஒரு முனைத் துண்டை வெட்டும் நொதியம் பிறவியிலேயே இல்லாத கன்றுகள் உண்டு. அவற்றின் கொலாசன் நார், குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாயிராது கோணல்மாணலான எழுத்துக்களைப்போற் காணப்படும். அக்கன்றின் தோல் சிறு உராய்வுக்கும் கிழியும். அங்கே பொருளிற் குறையில்லை. அடுக்கு ஒன்றே பிழைத்தது. ஆயினும் விலங்கு தன் தோலை இழக்கின்றது.

தாவரங்களிலும் இதனையே காண்கின்றோம். செலுலோசை ஆக்கும் நொதியங்கள் கலமென்சவ்விலே கூட்டமாக அமர்ந்து, பல சங்கிலிகளை ஒரே திசையில் ஒருங்கே வெளியிடுகின்றன. வெளிவந்தவுடன் அவை நெருங்கிப் பளிங்கு இழையாகின்றன. இவ்வாறு பிறந்த செலுலோசினைக் கரைத்து மறுபடியும் பளிங்காக்கினால், இரண்டாம் வகை என்று சொல்லப்படும் வேறோர் அடுக்கே கிடைக்கும். அதிலே சங்கிலிகள் எதிரெதிராக ஓடுகின்றன. கரைத்துப் படிய வைப்பதனாற் பஞ்சின் பழைய அடுக்கினை மீட்க முடிவதில்லை. பிறப்பிலே பெற்றதைப் பின்னர் பெறுதல் இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. இனி, தேங்காய் நீரிலே வளர்ந்து தடித்த ஆடையாகச் செலுலோசை நூற்கும் பற்றீரியா ஒன்றுண்டு. பிலிப்பைன்ஸ் மக்கள் அவ்வாடையைத் துண்டுசெய்து பாகிலிட்டு உண்பர். அப்பற்றீரியா வளரும் நீரிலே செலுலோசைப் பற்றும் சாயமொன்றைக் கலந்து, பளிங்காதலைத் தடுத்துப் பார்த்தனர் 1980இல் பென்சிமன், ஹேய்க்லர், பிறவுண் முதலியோர். சங்கிலி நிற்கவில்லை, முன்னினும் விரைவாக வளர்ந்தது. எனவே பளிங்காதலே சங்கிலி வளர்ச்சியின் வேகத்தை இழுத்துப் பிடித்திருந்தது என்பது வெளியாயிற்று. ஆக்கமும் அடுக்கும் ஒன்றன் கடிவாளத்தை மற்றது பிடித்து ஓடும் இரு குதிரைகள். இவ்வுண்மையை மனித இரசாயனர் தம் குடுவையிலே கண்டுகொள்ள எவ்வளவு காலம் சென்றது என்பதை இனிப் பார்ப்போம்.

மனிதன் ஆக்கிய பல்பகுதியங்களின் பளிங்கு முதலிற் பெருங் குழப்பத்தையே தந்தது. 1957இல் பிரிஸ்தலிலே கெல்லரும், வேறிடங்களில் தில், பிசர் ஆகியோரும் ஒருவரையொருவர் சாராது பொலித்தீனை ஐதான கரைசலிலிருந்து தனிப்பளிங்குகளாகப் பெற்றனர். அவை இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே மெல்லிய சாய்சதுரத் தகடுகளாகத் தோன்றின. தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 10 நனோமீற்றர். சங்கிலியின் நீளமோ அதனினும் பன்மடங்கு. அங்ஙனமிருந்தும் சங்கிலி தகட்டுக்குச் செங்குத்தாக நின்றது! பத்து முழச் சேலை ஒரு சாண் பெட்டியில் இருக்குமாயின் அது மடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். சங்கிலி முன்னும் பின்னுமாக மடிந்து கிடக்கின்றது என்று கெல்லர் துணிந்து கூறினார். 1938இலேயே ஸ்டோர்க்ஸ் என்பவர் கட்டாபெர்ச்சா மென்படலத்தைக் கொண்டு இம்முடிபினை எழுதியிருந்தார், எவரும் பொருட்படுத்தவில்லை. மடிப்பு, பளிங்குக்கு அழகு தந்தாலும் வலிமைக்குப் பகை. மடிந்த தகடுகளுக்கிடையே பிடிப்பு மிகக் குறைவு. சங்கிலி நீட்டி நிமிர்ந்து நிற்கும் பளிங்கே எஃகினை ஒத்த உறுதியைத் தரவல்லது.

மடியாத சங்கிலி வேண்டுமெனில் மடிய இயலாத சங்கிலியை ஆக்கலாமே என்பது அடுத்த எண்ணம். பென்சீன் வளையங்களைக் கோத்தால் சங்கிலி கோல்போல விறைத்து நிற்கும்; வெப்பத்தையும் தாங்கும். உயர்செயற்றிறன் உடையவை என்று சிறப்பிக்கப்படும் பல்பகுதியங்களுட் பல இவ்வினத்தவை. ஆனால் விறைப்பு மிகமிக உருகுதலும் கரைதலும் அரியவாகின்றன. பண்பினைத் தரும் விறைப்பே பணிகொள்ள விடாது தடுத்தது. இம்முரணிலிருந்து தப்ப 1960களிலே இரு வழிகள் கண்டனர். டூபொன்ட் ஆய்வுகூடத்தில் ஸ்ரெபனி குவோலெக் என்னும் அம்மையார் 1965இல் விறைத்த சங்கிலிக் கரைசலொன்று தெளிவின்றி நீர்போல் ஓடுவதைக் கண்டார். மற்றவர் கழித்துவிடக்கூடிய அக்கலங்கற் கரைசலை நூற்குமாறு வற்புறுத்தினார். கோல்கள் கரைசலிலேயே ஒருதிசைப்பட்டு நின்றிருந்தமையால் நூல் வியத்தகு வலிமையுடன் வந்தது. கெவ்லார் என்னும் நார் அவ்வாராய்ச்சியின் வழித்தோன்றல். அதனை நூற்கச் செறிந்த சல்பூரிக்கமிலமே கரைப்பானாயிற்று. குவோலெக் அம்மையார் 2014இல் மறைந்தார். மற்றைய வழி கொலாசன் வழியை ஒத்தது: கரையும் முன்வடிவத்தைப் படலமாகப் பரப்பி, பின்னர் சூடாக்கி, உருகாத பொலியிமைட்டாக மாற்றுதல். இரு வழியிலும் வடிவத்தை ஈந்தது நூற்கும் துளையும் பரப்பும் தட்டுமேயாம்.

அமிலத்திலும் கரையாத, முன்வடிவமும் இல்லாத பொருளுக்கு என் செய்வது? விடையின் முதற்கூறு தற்செயலாகக் கிடைத்தது. தோக்கியோவிலே 1967இல் இடேக்கி சிராகாவா பணியாற்றிய ஆய்வுகூடத்தில் அசெற்றிலீன் வாயுவைப் பல்பகுதியமாக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. அதுவரை அதிற் கிடைத்தது உருகாத, கரையாத கருந்தூள் மட்டுமே. அதனை அளந்தறிதற்கும் வழியில்லை. கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் ஊக்கியின் அளவிலே ஆயிரம் மடங்கு மிகுத்துவிட்டார். ஊக்கிக் கரைசலின் மேற்பரப்பிலே பளபளக்கும் படலமொன்று படிந்தது. நுண்ணிழைகள் பின்னி ஆகிய படலம் அது. பொருள் பழைய பொருளே. பிறந்த இடமும் வேகமும் மாறியமையால் வடிவம் மாறிற்று. வடிவம் மாறியதால் அளத்தல் இயன்றது. 1977இல் மக்டயர்மிட், ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து அப்படலத்தில் அயடீனைச் சேர்த்து, பிளாத்திக்கும் மின்னைக் கடத்தும் என்று காட்டினர். மூவருக்கும் 2000ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிட்டியது. பிழையைப் போற்றிப் பலர் எழுதியுள்ளனர். பிழையினும் பெரிது அப்படலத்தை வீசிவிடாது அதன் காரணத்தை வினாவிய மனமே என்பது எமது கருத்து.

வேறொரு வழி, சங்கிலியாக்கு முன்னரே அடுக்கிவிடுதல். சிறு மூலக்கூறுகள் பளிங்காக நிற்கையில், கரைப்பானோ உருகலோ இன்றி, நின்ற நிலையிலேயே கைகோத்தால், பளிங்கின் ஒழுங்கு சங்கிலிக்கும் வரும். திரையொட்சேன் பளிங்கிலிருந்து திசைபிறழாத நார்கள் தோன்றுவதை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே கோல்சூற்றர் கண்டிருந்தார். ஜேர்மனியின் வெக்னர் 1969இல் இரட்டை அசெற்றிலீன் பளிங்குகளை ஒளியாலும் வெப்பத்தாலும் முழுமையான பல்பகுதியத் தனிப்பளிங்குகளாக்கினார். நிறமற்ற பளிங்கு கண்முன்னே ஆழ்ந்த நிறம் பூணும். அண்மைக் காலத்திலே திருவனந்தபுரத்து இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் கானா மா. சுரேசன் குழுவினர் இம்முறையைச் சிறப்புற வளர்த்துள்ளனர். ஒரு முனையில் அசைட்டும் மறுமுனையில் அற்கைனும் உடைய பெப்தைட்டு மூலக்கூறுகளை வரிசைப்படுத்திப் பளிங்காக்கி, மெல்லச் சூடாக்கி, புரதத்தை ஒத்த சங்கிலிகளை 2016இல் வெளியிட்டனர். ஆனால் எம்மூலக்கூறு எவ்வாறு அடுக்குறும் என்பதை முன்கூட்டியே முற்றச் சொல்லும் கலை எவரிடமும் இல்லை. கைகள் எட்டும் தூரத்தில் நில்லாத பளிங்கு எவ்வளவு சூடாக்கினும் கோத்துக்கொள்வதில்லை.

கரைசலில் நிகழும் வழிக்கு மீள்வோம். பராவைதரொட்சிபென்சோயிக்கமிலத்தின் பல்பகுதியம் உருகுமுன் சிதைவது, கரைப்பானும் அற்றது. அமெரிக்கக் கார்பொரண்டம் கம்பனியில் ஜேம்ஸ் எக்கொனமி 1970ஐ அடுத்து அதனை எக்கொனோல் என்னும் பெயரால் வெளியிட்டபோது, உலோகத் தூளைப்போலச் சூட்டோடு அழுத்தியும் அடித்துமே அதற்கு உருவம் தரவேண்டியிருந்தது. கொல்லன் உலைக்களத்துக்கே மீண்டுவிட்டோம் என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தாற் பொருந்தியிருக்கும்.

1980களின் பிற்பகுதியில் யப்பானின் ஒக்காயாமாப் பல்கலைக்கழகத்தில் யமாசிட்டா, கிமுரா முதலியோர் இப்பொருளை வேறு விதமாக அணுகினர். அவ்வமிலத்தின் அசெற்றைல் பெறுதியைத் திரவப் பரபின் எண்ணெயிலிட்டு, 300 பாகை செல்சியசுக்கு மேலே, கலக்காமல் வைத்தனர். அசெற்றிக்கமிலம், அதாவது வினாகிரியின் அமிலம், ஆவியாய் நீங்க நீங்க மூலக்கூறுகள் இணைந்தன. சில மணித்தியாலத்தின்பின் எண்ணெயில் மிதந்தவை ஊசிகள். ஒவ்வொன்றும் மைக்கிரோமீற்றர் பல பத்து நீளமும் ஏறத்தாழ ஒரு மைக்கிரோமீற்றர் தடிப்பும் கொண்டது. வார்த்த அச்சு இல்லை; நூற்ற துளை இல்லை. ஊசியினுள்ளே சங்கிலிகள் நெடுக்குவாட்டிலே நிமிர்ந்து நின்றன.

இதன் பொறிமுறையைக் கெல்லரின் மடிப்போடு ஒப்பிட்டாலன்றி அருமை விளங்காது. கெல்லரின் குடுவையில் நெடிய சங்கிலி முன்னரே ஆகிவிட்டது, பின்னர் பளிங்காயிற்று, ஆதலின் மடிந்தது. ஒக்காயாமாக் குடுவையிலோ சங்கிலி குட்டையாயிருக்கும்போதே பளிங்காகிவிடுகின்றது. சில அலகுகள் சேர்ந்தவுடன் அக்குட்டைச் சங்கிலிக்கு எண்ணெயிற் கரைதிறன் போதாதாகின்றது. கரைசல் மிகைநிரம்பி, அது மெல்லிய தகடாக வெளிப்படுகின்றது. குட்டையான கோலுக்கு மடிப்பு ஏது? அத்தகட்டின்மேல் அடுத்த தகடு, சுழற்படிக்கட்டுப்போலத் திருகுப்பிழையொன்றைச் சுற்றி வளர்கின்றது. திருகுப்பிழை பளிங்கினை வளர்க்கும் என்னும் கொள்கையைப் பிராங்க் 1949இல் உரைத்தார், அவரும் பிரிஸ்தலினரே. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழ எழ ஊசி நீள்கின்றது. இத்துடன் நில்லாது, தகட்டின் முகத்திலே நிற்கும் சங்கிலி முனைகள் அடுத்த தகட்டின் முனைகளோடு திண்ம நிலையிலேயே இணைகின்றன. வெக்னரின் பளிங்கிலே நிகழ்ந்த கைகோப்பு ஈண்டுத் தகடுகளுக்கிடையே நிகழ்கின்றது. இறுதியிலே தகடென்னும் வேறுபாடு மறைந்து, நீண்ட சங்கிலிகளாலாகிய ஒரே ஊசி எஞ்சுகின்றது. கொலாசனிலும் செலுலோசிலும் ஆக்கமும் அடுக்கும் எவ்வாறு ஒன்றையொன்று பற்றி நடந்தனவோ அவ்வாறே இங்கும் நடக்கின்றன.

இம்முறையின் கடிவாளம் கரைதிறனே என்று தெரிந்தபின் அக்குழுவினர் அதனை இருபுறமும் இழுத்துப் பார்த்தனர். கரைப்பானை மாற்றினர்; செறிவை மாற்றினர்; வேறு மூலக்கூறுகளைச் சிறிது கலந்தனர். குட்டைச் சங்கிலிகள் பளிங்காக வெளிப்பட்டால் ஊசியும் தகடும் கிடைத்தன. ஒழுங்கைக் குலைக்கும் கலப்பினால் அவை நீரில் எண்ணெய்த்துளிபோலத் திரவத் துளிகளாகப் பிரிந்தாற் கோளங்கள் கிடைத்தன. கலக்கினால் ஊசி கெட்டது. பொலியிமைட்டு முதலிய வேறு விறைத்த சங்கிலிகளுக்கும் இம்முறை செல்லும் என்று தொடர்ந்து காட்டினர். 2006இல் கிமுராவும் உடனாய்வாளரும் இவற்றையெல்லாம் தொகுத்து, பல்பகுதியமாக்கலோடு ஒத்தியைந்த வடிவக் கட்டுப்பாடு என்னும் தலைப்புப்படத் தொகைக்கட்டுரை ஒன்று எழுதினர்.

தொழிற்சாலைக்கு இவ்வழி எளிதிற் செல்லாமைக்குக் காரணம் உண்டு. கரைசல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கு செறிவிலேயே வைக்கப்படுகின்றது. ஒரு பங்கு ஊசி பெற ஏறத்தாழத் தொண்ணூற்றொன்பது பங்கு எண்ணெய் வேண்டும். அவ்வளவு எண்ணெயையும் முந்நூறு பாகைக்கு மேலே, மணிக்கணக்காக, அசைவின்றி வைத்திருத்தல் வேண்டும்.